மொட்டை மாடிக்கு வெளிப்படி: எந்த ஊருக்கு எந்த உலோகம்?

போட்டு நான்கைந்து ஆண்டான இரும்புப் படிக்கட்டு ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். மழையும் வெயிலும் நேராக விழும் மேல்பக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கும். மழையே படாத அடிப்பக்கத்தில், படித்தகடும் அதைத் தாங்கும் ஆங்கிளும் சேரும் இடுக்கில், பெயின்ட் கொப்புளித்து நிற்கும். நகத்தால் கீறினால் பழுப்புச் செதிலாக உதிரும்.

நனைவதைவிடக் கழுவப்படாமல் கிடப்பதுதான் இங்கே பெரிய கேடு. காற்றில் வரும் உப்பு எல்லாப் பக்கமும் படிகிறது. மேல்பக்கத்து உப்பை மழை அடித்துக்கொண்டு போய்விடும். அடிப்பக்கத்தில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துவிடும். ஐப்பசியில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 35 விழுக்காடுகூடப் போதும். ஆகவே ஒரு துளி மழை இல்லாத சித்திரை மாதத்திலும், கடற்கரையை ஒட்டிய வீட்டுப் படியின் அடிப்பக்கம் இரவு முழுக்க உப்புநீரில் நனைந்தபடிதான் கிடக்கிறது.

பட்டறையில் எடுத்த எடுப்பில் வரும் கேள்வி "எம்.எஸ்.ஸா, ஜி.ஐ.யா, எஸ்.எஸ்.ஸா?" என்பது (சாதா இரும்பா, துத்தநாகம் பூசிய இரும்பா, துருப்பிடிக்காத எஃகா). அதற்கு முன்பே விடை தெரிய வேண்டியவை மூன்று. அந்த இடத்துக் காற்றில் உப்போ ஆலைப் புகையோ எவ்வளவு? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உலோகம் ஈரமாக இருக்கும்? மழை நேராக விழுந்து கழுவுமா, இல்லை படி சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கி நிற்குமா? இவை தெரிந்துவிட்டால் உலோகம் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

காற்றை அளக்கும் கணக்கு

காற்றின் அரிப்புத் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேல் சி.எக்ஸ். என்றும் பிரிக்கிறது. பூச்சில்லாத இரும்பு முதல் ஓராண்டில் ஒரு பக்கத்தில் எவ்வளவு கரையும் என்பது அளவுகோல். சி3 என்றால் 25 முதல் 50 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), சி4 என்றால் 50 முதல் 80, சி5 என்றால் 80 முதல் 200. அதே காற்றில் துத்தநாகம் மிகக் குறைவாகவே கரைகிறது: சி3-இல் 0.7 முதல் 2.1 மைக்ரான், சி4-இல் 2.1 முதல் 4.2, சி5-இல் 4.2 முதல் 8.4. இந்தத் துத்தநாக எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டில் மதுரை, திருச்சி, சேலம், கோவை போன்ற உள்நாட்டு ஊர்களைப் பொதுவாக சி2, சி3 என்று கொள்ளலாம். சென்னையில் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பகுதிகள் சி3, சி4. திருவான்மியூர், நீலாங்கரை, நாகப்பட்டினம், கன்னியாகுமரி போன்ற இடங்களில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்து வீடுகள் சி5. ராமேஸ்வரம் தீவில் இன்னும் கடுமை. அரிப்பியல் ஆய்வுக்குப் பேர்போன காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டி நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழு வெல்டிங் இணைப்புகள் என்று போனதற்கு அதே காற்றுதான் காரணம். இணைப்பு முழு வெல்டிங்காக இருந்தால் உப்பு ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லை. வீட்டுப் படிக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

கடலிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை மட்டும் நம்பக் கூடாது. கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டுக்கும், நடுவில் நாலு மாடிக் கட்டடம் மறைக்கும் மூன்றாவது தெருவுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நம்பகமான சோதனை பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிறது. நாலைந்து ஆண்டு ஆன ஏசி வெளி யூனிட்டின் ஸ்க்ரூக்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஜி.ஐ. பைப்பின் மரைகள், துணி காயப்போடும் கம்பியின் முடிச்சு ஆகியவற்றைப் பாருங்கள். மரையில் மட்டும் துரு என்றால் நடுத்தரம். பைப்பின் உடம்பிலேயே வெள்ளைப் பொடி தாண்டிச் சிவப்பு வந்திருந்தால் சி5 என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ஜி.ஐ. என்ற ஒரே சொல்லுக்குள் பத்து மடங்கு வித்தியாசம்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கும் சதுர "ஜி.ஐ. பைப்" பெரும்பாலும் முன்பே துத்தநாகம் பூசிய தகட்டை மடித்து, வெல்டு செய்து வருவது. தகட்டின் பூச்சு இசட் 120 என்று குறித்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்கு 60 கிராம், அதாவது சுமார் 8 மைக்ரான். இசட் 275 என்றால் ஒரு பக்கம் 19 மைக்ரான். அதோடு, பைப்பின் நீளவாக்கு வெல்டிங் தையலில் பூச்சு எரிந்திருக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய தெளிப்பு மட்டும் இருக்கும். பட்டறையில் அதை வெட்டி, மூலைக்கு மூலை வெல்டு வைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் துத்தநாகம் ஆவியாகிப் போகிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். வெல்டிங் சூடு அதைவிடப் பல மடங்கு. அப்போது கிளம்பும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் வெல்டருக்கு அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும். வெல்டிங்குக்கு முன் அந்த இடத்துப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

ஹாட் டிப் கால்வனைசிங் என்பது வேறு வேலை. வெறும் இரும்பில் படியை முழுதாகச் செய்து, துளைகள் எல்லாம் போட்டு முடித்தபின், ஆசிடில் கழுவி, சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. வெல்டிங், வெட்டு முனை, துளையின் உள்பக்கம் எல்லாவற்றிலும் பூச்சு ஏறும். ஐ.எஸ். 4759 தரநிலைப்படி 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த இரும்புக்கு ஒரு சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான். கடைப் பைப்பின் 8 மைக்ரானோடு வைத்துப் பாருங்கள். சி4 காற்றில் ஆண்டுக்கு 3 மைக்ரான் போகிறது என்றால் 8 மைக்ரான் மூன்றாண்டுக்குள் தீரும். 85 மைக்ரானுக்கு 28 ஆண்டு ஆகும். சி3-இல் ஆண்டுக்கு ஒன்றரை என்றால் 50 ஆண்டைத் தாண்டும். சி5-இல் 6 என்றால் 14 ஆண்டு.

எனவே பட்டறையில் "ஜி.ஐ. போட்டுக்கலாம் சார்" என்று சொன்னால், "செய்வதற்கு முன் பூசியதா, செய்து முடித்தபின் முக்கி எடுத்ததா?" என்று கேளுங்கள். விலையும் ஆயுளும் அந்த ஒரு பதிலில் இருக்கின்றன.

ஒரு பக்கக் குறிப்பு: கால்வனைஸ் ஆகி வந்த இரும்பு சில இடங்களில் மின்னியும் சில இடங்களில் மங்கிய சாம்பல் நிறத்திலும் இருந்தால் அது குறையில்லை. இரும்பில் சிலிகான் அளவு மாறினால் இப்படி வரும். மங்கிய இடத்தில் பூச்சு பெரும்பாலும் அதிகத் தடிமனாகவே இருக்கும்.

பெயின்ட் அடித்த எம்.எஸ்.

விலை குறைவு, எந்த வடிவிலும் செய்யலாம், பிறகு ஒரு கைப்பிடியை ஒட்ட வைப்பதும் எளிது. உள்நாட்டு ஊர்களில் நல்ல பெயின்ட் வேலை செய்தால் இது மோசமான தேர்வில்லை. ஆனால் ஒரு கோட் ரெட் ஆக்சைடு, இரண்டு கோட் எனாமல் என்ற வழக்கமான வேலை வெளிப்படிக்குப் போதாது. ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டுமே; அதுவே காப்பு ஆகாது.

செய்ய வேண்டிய முறை இது. வெட்டு முனைகளை கிரைண்டரில் மழுக்க வேண்டும். கூரான விளிம்பிலிருந்து பெயின்ட் காயும்போது விலகிப்போகும், துரு அங்கேதான் முளைக்கும். வெல்டிங் சிதறல்களைத் தட்டி எடுக்க வேண்டும். முடிந்தால் மணல் வீச்சில் மில் ஸ்கேல் (ஆலையிலிருந்து வரும்போதே இரும்பின் மேல் ஒட்டியிருக்கும் கருஞ்செதில்) முழுவதும் போக வேண்டும். கம்பி பிரஷ் அதைப் பளபளப்பாக்கும், எடுக்காது. பிறகு ஜிங்க் ரிச் எபாக்ஸி பிரைமர் 60 மைக்ரான், நடுக் கோட் எபாக்ஸி 100 மைக்ரான், மேலே பாலியூரிதேன் 50 மைக்ரான். கடலோரத்தில் நடுக் கோட்டை இரட்டிப்பாக்குங்கள். எபாக்ஸியை மேல் கோட்டாக விட்டால் நம்முடைய வெயிலில் ஓராண்டிலேயே சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். விளிம்பு, வெல்டிங், போல்ட் துளை ஆகியவற்றுக்கு மட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் முன் பிரஷ்ஷால் தனியாக ஒரு தடவல் வேண்டும். ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டிய நாளில் அடிக்காதீர்கள். உச்சி வெயிலில் இரும்பு கொதிக்கும்போதும் வேண்டாம். கரைப்பான் சீக்கிரம் பறந்து கொப்புளம் விடும்.

இவ்வளவும் செய்தாலும் உள்நாட்டில் ஏழெட்டு ஆண்டில் மறு பெயின்ட் உண்டு. அந்தச் செலவையும், படி சுவரோடு ஒட்டி நிற்பதால் பின்பக்கம் பிரஷ் நுழையாது என்பதையும் இன்றே கணக்கில் சேருங்கள். நுழைய முடியாத பக்கத்தை யாரும் மறுபடி பெயின்ட் அடிப்பதில்லை.

எஸ்.எஸ்.: 202, 304, 316

மூன்றும் பாலிஷ் போட்டால் ஒரே மாதிரி மின்னும். 304-இல் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். உப்பைத் தாங்கும் திறன் குறையும். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம். கடல் உப்பை எதிர்த்து நிற்பது அதுதான். கிலோ விலையில் 304 சாதா இரும்பைப் போல மூன்று மடங்கை ஒட்டியும், 316 ஐந்து மடங்கை ஒட்டியும் வரும். சந்தையில் நிக்கல் விலை ஏறினால் இறங்கினால் இதுவும் மாறும்.

"காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304" என்று கடையில் காட்டுவார்கள். 202-இலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரிக்க ஒரு துளி சோதனைத் திரவமும் சிறு பேட்டரியும் போதும், இல்லையென்றால் கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவி. குறைந்தபட்சம் பைப்பின் மேல் அச்சிட்ட தரக் குறியீட்டையும் மில் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அச்சை பாலிஷ் போடும்முன் படம் எடுத்து வையுங்கள்.

கடற்கரையில் எஸ்.எஸ். மேல் முதலில் வருவது டீ சிந்திய மாதிரி பழுப்புக் கறை. கைப்பிடியின் மேல்பக்கம் சுத்தமாகவும் அடிப்பக்கம் கறையாகவும் இருக்கும். காரணம் முதலில் சொன்னதேதான். இந்தக் கறையால் படியின் பலம் குறையாது, ஆனால் அசிங்கமாக இருக்கும். 304-இல் கறையோடு நிற்காமல் ஊசி முனைக் குழிகளும் விழும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது: சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குள் இருந்தால் உப்பு பிடித்துக்கொள்ள இடம் குறைவு. முரட்டு மேட் ஃபினிஷ் கடலோரத்துக்கு ஆகாது. வரி வரியாக இழைத்த ஃபினிஷ் என்றால் வரிகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், தண்ணீர் வழிய.

எஸ்.எஸ். கெடுவதில் பாதி, பட்டறையிலேயே நடக்கிறது. சாதா இரும்பை அறுத்த அதே கிரைண்டிங் டிஸ்க்கை எஸ்.எஸ். மேல் வைத்தால் இரும்புத் துகள் பதிந்து, ஒரு வாரத்தில் துருப் புள்ளிகளாகப் பூக்கும். பக்கத்தில் வேறு இரும்பை அறுக்கும்போது தெறிக்கும் பொறியும் அதே வேலையைச் செய்யும். வெல்டிங்கைச் சுற்றி வரும் நீலமும் பழுப்புமான வளையம் அழகுக்குறை மட்டுமில்லை, அந்த இடத்தில் குரோமியக் காப்பு கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். பிக்ளிங் பேஸ்ட் (அந்த வளையத்தைக் கரைத்தெடுக்கும் ஆசிட் பசை) தடவி, சொன்ன நேரம் விட்டு, நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். வெல்டிங் கம்பி 304-க்கு 308எல், 316-க்கு 316எல் (எல் என்பது கரி குறைந்த வகை).

எஸ்.எஸ். தகட்டைப் படியின் மிதிபக்கமாகப் போடாதீர்கள். மழையில் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். வடகமும் வற்றலும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மாடி ஏறுகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. கைப்பிடிக்கு எஸ்.எஸ்., மிதிக்கும் இடத்துக்கு செக்கர் பிளேட் (வழுக்காமல் மேடு வைத்த இரும்புத் தகடு) என்று பிரிப்பது நல்லது.

அலுமினியமும் கோர்ட்டனும்

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. கடற்காற்றில் அது வெள்ளையாகப் பூத்து, சின்னச் சின்னக் குழி விழுந்து, அத்தோடு வேகம் குறைந்துவிடும். 6061-டி6 தரம் சட்டத்துக்கும், 5052 அல்லது 5083 தரத் தகடு மிதிபக்கத்துக்கும் நன்றாக உழைக்கும். ஆனால் வளைவு எதிர்ப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு சேனலை அலுமினியத்தில் போட்டால் ஏறும்போது படி துள்ளும். சட்டம் ஆழமாக இருக்க வேண்டும். 6061-ஐ வெல்டு செய்தால் அந்த இடத்தின் பலம் ஏறக்குறைய பாதியாகும், எனவே போல்ட் இணைப்பே சரி. ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும். அடித்தகட்டுக்குக் கீழே தடித்த ரப்பர் ஷீட் அல்லது பிட்டுமன் பூச்சு கட்டாயம். நம்மூரில் இதைப் படியாகச் செய்யத் தெரிந்த பட்டறைகள் குறைவு என்பதுதான் உண்மையான தடை.

பெயின்ட் இல்லாமல் துருவையே காப்பாக விடும் கோர்ட்டன் எஃகின் செந்நிறம் சில வீடுகளில் அழகாக இருக்கிறது. நனைந்து முழுதாகக் காயும் காற்றில் மட்டுமே அந்தத் துரு இறுகிக் காப்பாகும். உப்பு இருந்தால் இறுகாது, அரித்துக்கொண்டே போகும். மழைக்கு மழை வெள்ளைச் சுவரில் வழியும் பழுப்புக் கோடும், வேட்டியில் ஒட்டும் துருவும் போதும், படிக்கு அது வேண்டாம் என்று சொல்ல.

ஒரு படியைக் கணக்கிட்டுப் பார்த்தால்

தரையிலிருந்து 3 மீட்டர் உயரம், 90 செ.மீ. அகலம். 17 ஏற்றம், ஒவ்வொன்றும் 176 மி.மீ.; 16 மிதி, ஒவ்வொன்றும் 250 மி.மீ. ஆழம். கிடைமட்டத்தில் 4 மீட்டர் ஓடும், பக்கச் சட்டம் சாய்வில் 5 மீட்டர். 150 மி.மீ. சேனல் இரண்டு: சுமார் 165 கிலோ. முன்னும் பின்னும் 40 மி.மீ. மடித்த 5 மி.மீ. செக்கர் பிளேட் மிதிகள் 16: ஏறக்குறைய 200 கிலோ. ஆங்கிள், அடித்தகடு, கைப்பிடி எல்லாம் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல். மொத்தம் 480 கிலோ சுற்றி வரும்.

இதன் மேற்பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். ஹாட் டிப் செய்தால் அதில் ஏறும் துத்தநாகம் 12 கிலோ. கிலோ கணக்கில் வாங்கும் கால்வனைசிங் கூலி பெரும்பாலும் இரும்பின் விலையில் கால் பங்கை ஒட்டித்தான் வரும். இதே படியை 304-இல் செய்தால் பொருள் மட்டுமே மூன்று மடங்கு, வெல்டிங் கூலி தனி. மூன்று கோட் பெயின்டுக்கு, வீணாவதையும் சேர்த்து, பிரைமர் மூன்றரை லிட்டர், நடுக் கோட் நாலரை லிட்டர், மேல் கோட் மூன்று லிட்டர் பிடிக்கும். மணல் வீச்சும் ஆள் கூலியும் சேர்ந்தால் கால்வனைசிங் செலவை எட்டிவிடும். முதல் நாளிலேயே விலை ஏறக்குறைய சமம் என்னும்போது, உள்நாட்டில் மறு பெயின்ட் வேண்டாத கால்வனைசிங்கை விட்டு வேறெங்கும் போகக் காரணமில்லை என்பது எங்கள் கருத்து.

ஊர் வாரியாக

மதுரை, திருச்சி, சேலம், கரூர், கோவை: ஹாட் டிப், பெயின்ட் இல்லாமல் அப்படியே. நிறம் வேண்டும் என்றால் மட்டும் பெயின்ட். கைப்பிடிக்கு 304 தாராளமாகப் போதும். ஒரே எச்சரிக்கை, உப்புக் கிணற்றுத் தண்ணீர். போர் தண்ணீரில் தினமும் படியைக் கழுவும் வீடுகளில் உள்நாட்டிலும் கடலோரத் துரு வரும்.

ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை: உப்பு இல்லை, ஆனால் பனிமூட்டத்தில் உலோகம் பல நாள் காயாது. துத்தநாகத்துக்கு இது ஒத்துவரும், ஒரு நிபந்தனையோடு. தொட்டியில் முக்கி எடுத்த புதுத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் இடையில் தேங்கும் நீரால் வெள்ளைத் துரு பிடிக்கும். நடுவில் மரச் சக்கை வைத்து, சாய்த்து, காற்றாட வையுங்கள். மலையில் பாசி துருவைவிடப் பெரிய ஆபத்து, ஆகவே மிதிக்குத் தகட்டைவிடப் பல் வைத்த கிரேட்டிங் (இடைவெளி விட்ட கம்பித் தட்டு) நல்லது. தண்ணீர் நிற்காது, அடிப்பக்கமும் மழையில் கழுவப்படும். வெறுங்காலுக்கு உறுத்தும் என்பதுதான் குறை.

சென்னையில் கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே: ஹாட் டிப் 85 மைக்ரான். மழை படாத அடிப்பக்கத்துக்கு மட்டுமாவது பெயின்ட். கைப்பிடி 304 என்றால் மாதமொரு முறை நல்ல தண்ணீரில் துடைக்க மனமிருக்க வேண்டும்.

கடலோர முதல் வரிசைகள், ராமேஸ்வரம், நாகை, கன்னியாகுமரி: ஹாட் டிப்பும் அதன் மேல் எபாக்ஸி, பாலியூரிதேன் பூச்சும் சேர்ந்த இரட்டைக் காப்பு. பெயின்ட் துத்தநாகத்தைக் கரையாமல் காக்கிறது, துத்தநாகம் பெயின்டுக்கு அடியில் துரு பரவாமல் தடுக்கிறது. இரண்டின் தனித்தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட ஒன்றரை மடங்காவது சேர்ந்து உழைக்கும். எஸ்.எஸ். விரும்பினால் 316எல் மட்டும். 202 வேண்டவே வேண்டாம். துத்தநாகத்தின் மேல் சாதாரண எனாமல் அடிக்கக் கூடாது, எண்ணெய்ப் பசையும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பாகி ஓராண்டில் தோல் மாதிரி உரியும். லேசான மணல் வீச்சு, பிறகு துத்தநாகத்துக்கென்றே உள்ள எபாக்ஸி பிரைமர்.

எண்ணூர், மணலி, தூத்துக்குடி: உப்போடு அனல் மின் நிலைய, ஆலைப் புகையின் கந்தக டை ஆக்சைடும் சேர்கிறது. கந்தகம் அமிலமாகித் துத்தநாகத்தை நேராகக் கரைக்கும். இங்கே வெறும் கால்வனைசிங்கை நம்ப முடியாது, இரட்டைக் காப்புதான்.

பட்டறைக்குச் சொல்ல வேண்டியவை

கால்வனைசிங்குக்குப் போகும் எந்தப் பைப்பின் முனையையும் முழுதாக அடைக்கக் கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் 450 டிகிரியில் ஆவியாகி வெடிக்கும், தொட்டியருகே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. 40 மி.மீ. கைப்பிடிப் பைப்புக்கு இரண்டு முனையிலும் 10 முதல் 12 மி.மீ. துளை, எதிரெதிர் மூலையில். தொங்கவிடும்போது ஒன்றில் காற்று போக, மற்றதில் துத்தநாகம் வடிய.

ஒன்றின் மேல் ஒன்று படியும் தகடுகளுக்கு நடுவே விட்டு விட்டு வெல்டு வைத்தால், கழுவிய ஆசிட் இடுக்கில் தங்கி, மாதக் கணக்கில் பழுப்பாகக் கசியும். சுற்றிலும் முழு வெல்டு, இல்லையென்றால் 3 மி.மீ. இடைவெளி. தொட்டியின் நீளத்தை முன்பே கேட்டுக்கொண்டு, பக்கச் சட்டம், மிதி, கைப்பிடி என்று தனித்தனியாக முக்கி, இடத்தில் போல்ட் போட்டுச் சேர்ப்பதே வசதி. கடலோரத்தில் அந்தப் போல்ட் இணைப்பின் விளிம்புகளைப் பாலியூரிதேன் சீலன்டால் அடையுங்கள்.

போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். கடையில் கிடைக்கும் மஞ்சள் அல்லது வெள்ளி முலாம் போல்ட்டில் 5 முதல் 8 மைக்ரான்தான் துத்தநாகம். 85 மைக்ரான் படிக்கு ஹாட் டிப் போல்ட் அல்லது எஸ்.எஸ். போல்ட். பெரிய கால்வனைஸ்டு சட்டத்தில் சின்ன எஸ்.எஸ். போல்ட் பரவாயில்லை. தலைகீழாக, எஸ்.எஸ். தகட்டில் ஜி.ஐ. போல்ட் போட்டால் போல்ட்டே முதலில் கரைந்துபோகும். எஸ்.எஸ். கைப்பிடியைக் கால்வனைஸ்டு சட்டத்தில் நிறுத்தும்போது நடுவில் நியோப்ரீன் ஷீட்டும், போல்ட்டுக்கு நைலான் உறையும் வாஷரும் வையுங்கள்.

இடத்தில் வெட்டவோ வெல்டு வைக்கவோ நேர்ந்தால் அந்த இடத்துக்கு ஜிங்க் ரிச் பெயின்ட், குறைந்தது 100 மைக்ரான். வெள்ளி நிற அலுமினியம் பெயின்டைத் தடவினால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், காப்பு மட்டும் இருக்காது. டின்னைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பெயரைப் படியுங்கள். பொருள் வந்திறங்கியதும் மைக்ரான் மீட்டரால் ஒவ்வொரு சட்டத்திலும் ஐந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள், கூலியைக் கொடுக்கும்முன்.

அடித்தகடு தரை மட்டத்தில் புதையக் கூடாது. தரையிலிருந்து 100 முதல் 150 மி.மீ. உயரக் கான்கிரீட் மேடை போட்டு, மேல்பக்கத்தை வெளிப்பக்கம் சரித்து, தகட்டுக்குக் கீழே சுருங்காத கிரவுட் (சிமென்ட் கூழ்) ஊற்றுங்கள். முழு படியும் நன்றாயிருக்க, தரையைத் தொடும் நான்கு அங்குலம் மட்டும் அறுந்து விழும் வீடுகள் ஏராளம்.

கடைசியாக, வேலை வரிசை. வீடு முடியும் தறுவாயில் டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் போக பாட்டில் பாட்டிலாக ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சொட்டு பட்டால் துத்தநாகம் நுரைத்துக் கரையும். அதன் புகை மட்டுமே ஒரு இரவில் புத்தம் புது 316 கைப்பிடியைப் பழுப்பாக்கிவிடும். மாடியிலும் படியடியிலும் ஆசிட் வேலை முடிந்து, தரையெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவி இரண்டு நாள் ஆனபிறகு படியை ஏற்றுங்கள். முன்பே நிறுத்தியாகிவிட்டது என்றால், டைல்ஸ்காரரிடம் ஆசிட் பாட்டிலைத் திறக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.